நான் நிறுத்திய சாப்பாடு

மாமா,

போன வெள்ளிக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கருமாதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. முன்சீட்டில் இருந்த பெண் மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து, அவித்த முட்டை ஒன்றை எடுத்து, ஜன்னல் கம்பியில் லேசாகத் தட்டி உரிக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இதுதான் செஞ்சி வண்டி, ஏன் இறங்குகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். எண்பது வயதைத் தாண்டியவன் செய்கிற காரியமா இது என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கைகளிலிருந்து தொடங்குகிறேன். நான் முதன்முதலாகச் சென்னைக்குப் படிக்கக் கிளம்பிய நாளில் என் தகரப் பெட்டியை நீங்கள்தான் பஸ் மேல் ஏற்றினீர்கள். கிளீனர் கை நீட்டினான், அவனை ஒதுங்கச் சொன்னீர்கள். ஒரே கையில் பெட்டியைத் தூக்கி, ஏணியில் ஏறி, கேரியரில் வைத்துவிட்டு இறங்கினீர்கள். அந்தக் காலத்து வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கே தோள் வலு வேண்டும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் ஓட்டும்போது, உள்ளே நெரிந்து, படியில் தொங்கி, கூரை மேலும் ஆள் ஏறியிருக்க, அந்தக் கனத்தைக் கோட்டை மதில் இடுக்கில் சுவரில் உரசாமல் கொண்டுபோவீர்கள். டிரிப் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு முட்டை, மிளகும் உப்பும் தூவி. எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, கடைக்காரரிடம், "எம் மச்சான். மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. படிக்கிறான்" என்பீர்கள். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்கும் புரியவில்லை, உங்களுக்கும் முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள்.

இடது தொடையில் கட்டி வந்தபோது கிளட்ச் மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்றுதான் நினைத்தீர்கள். அக்கா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். மூன்று மாதத்தில் அது தேங்காய் அளவுக்கு வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். கொஞ்சம் சுருங்கி, மறுபடி வளர்ந்தது. நுரையீரலிலும் புள்ளி தெரிவதாக டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், முட்டை, பால், கறி, எது இறங்குகிறதோ அது. அதை நான் உங்களிடமும் அக்காவிடமும் அப்படியே சொன்னேன். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குப் புரதம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நம் உடம்பில் புரதம் ஒருமுறை கட்டி முடித்து நிற்கிற பொருள் இல்லை. நாள்தோறும் ஒரு பக்கம் உடைகிறது, இன்னொரு பக்கம் கட்டப்படுகிறது. உடைந்ததில் வருகிற அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கலந்து, வேண்டிய இடத்துக்குப் போய் மறுபடி புரதமாகின்றன. உடைவதும் கட்டுவதும் சமமாக இருக்கும்வரை உடம்பு உடம்பாக இருக்கிறது. புற்றுநோய்ச் செல்லில் அந்தச் சமம் கெட்டுவிடுகிறது, கட்டுவது வேகமாகவும் உடைவது குறைவாகவும் நடக்கிறது, கட்டிக்குள் போன அமினோ அமிலம் எளிதில் திரும்பி வருவதில்லை என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நான் அந்த வரியை நோட்டில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன். எனக்கு உங்கள் தொடைதான் கண்ணில் தெரிந்தது. மீதியை அடுத்த வகுப்பில் சொல்வதாக அவர் முடித்தார்.

அடுத்த வகுப்பு நடக்கவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டு கல்லூரிகளையெல்லாம் மூடினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பாதிப் பாடத்தோடு நான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உங்கள் முன்னால் ஒரு தட்டில் மூன்று முட்டையும் ஒரு சொம்பு பாலும் இருந்தன. "சாப்டியா மச்சான்?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். நான் சாப்பிட உட்காரவில்லை. அக்காவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி விளக்க ஆரம்பித்தேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கோட்டை மதிலில் ஒரு கல் விழுந்தால் இன்னொரு கல்லை வைத்து ஆட்கள் சரிசெய்கிறார்கள், உடம்பு அப்படித்தான். இந்தக் கட்டி, பக்கத்தில் தனக்கென்று வீடு கட்டிக்கொண்டே போகிற ஒருவன். வருகிற கல் வண்டியையெல்லாம் அவனே மடக்கிக்கொள்கிறான். முட்டையும் பாலும் பருப்பும்தான் அந்தக் கல். வண்டியை நிறுத்தினால் அவன் வேலை நின்றுபோகும்.

நீங்கள் தொடையைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு, "வண்டி வரலைன்னா அவன் கோட்டையிலேர்ந்தே கல்லை எடுத்துக்குவானே மச்சான்?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன், மாமா. உங்களுக்கு இது புரியாது என்கிற மாதிரிச் சிரித்தேன். உடம்பு அப்படியெல்லாம் விடாது என்று ஏதோ ஒரு பதிலும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பஸ் டிரைவர் நேராகப் போய்த் தொட்ட இடத்தை, முதுகலை படிக்கிறவன் தாண்டிப் போய்விட்டேன்.

"சரி, படிச்சவன் நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தட்டை நீங்களே நகர்த்தி வைத்தீர்கள். டாக்டர் வேறு மாதிரி சொன்னாரே என்று அக்கா தயங்கினாள். அவர் வைத்தியம் பார்க்கிறவர், நான் ஆராய்ச்சி படிக்கிறவன், இது புதிதாக வந்த விஷயம் என்றேன். ஆராய்ச்சி என்ற சொல்லைச் சொன்னபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து உங்களுக்கு அரிசிக் கஞ்சி, பூசணிக்காய், சுரைக்காய், வெல்லம். முட்டை போயிற்று, பால் போயிற்று, மீன் போயிற்று. சாம்பாரில் தெளிவை மட்டும் ஊற்றச் சொன்னேன். பிறகு மோரையும் நிறுத்தினேன். திங்கள்கிழமைதோறும் ஒரு நூலைக் கட்டியைச் சுற்றி வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு, நோட்டில் தேதியோடு ஒட்டினேன். ஒரு வாரம் நூல் முந்தைய வாரத்து நீளமே இருந்தது. கடைக்கு ஓடிப்போய் என் அப்பா நைனாவிடம் சொன்னேன், மருமகனுக்குக் கட்டி நின்றுவிட்டது என்று. நைனா மளிகைக் கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் நூல் நீண்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கையை நான் ஒருமுறைகூட அளக்கவில்லை. அது கண்முன்னாலேயே இளைத்தது. பனியன் தோளில் நிற்காமல் சரிந்தது. முதலில் நெற்றிப் பொட்டில் குழி விழுந்தது, பிறகு தோள்பட்டையில். எழுந்து நிற்க அக்காவின் கையைப் பிடித்தீர்கள். நோய் முற்றுகிறது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். "ஒண்ணே ஒண்ணு குடேன் மச்சான். வாய் கேக்குது" என்றீர்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினீர்கள். கோபப்படவில்லை. ஒரு வசவு விட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிக் கல்லூரி திறந்தது. பேராசிரியர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். கட்டியுள்ள எலிகளுக்குப் புரதமே இல்லாத தீனி கொடுத்தாலும் கட்டி வளர்வது நிற்பதில்லை என்றார். வெளியிலிருந்து வராவிட்டால், தசையிலிருந்து உடைந்து வருகிற அமினோ அமிலத்தை அது எடுத்துக்கொள்கிறது. தசையில் உடைவது கூடிவிடுகிறது, கட்டுவது குறைந்துவிடுகிறது. எலி எலும்பும் தோலுமாகிறது, கட்டி மட்டும் கொழுக்கிறது. கரும்பலகையில் தசையிலிருந்து கட்டிக்கு ஒரு அம்புக்குறி போட்டார். நீங்கள் கேட்ட கேள்விதான் அது, மாமா. கோட்டையிலிருந்து கல்லை எடுப்பது.

வகுப்பு முடிந்ததும் அவர் பின்னால் போய், ஒரு நோயாளிக்கு யாராவது புரதத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். பட்டினி போட்டுப் பலத்தைக் கெடுத்த மாதிரிதான், யார் அப்படிச் செய்வார்கள் என்றார். யாரும் இல்லை சார், சும்மா கேட்டேன் என்றேன்.

அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஒரு தந்தி கொடுத்திருந்தாலும் போதும். நான் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். நைனா முகத்தை, அக்கா முகத்தை, உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று விடுதி அறையில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அந்த யோசனையில் இரண்டாவதாகத்தான் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன். கட்டிலில் உங்களைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு சிறுத்திருந்தீர்கள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற வார்த்தையை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வாய் திறந்தபோது வேறு வந்தது. "பத்தியம் முடிஞ்சிடுச்சி மாமா. இனிமே நீங்க எல்லாம் சாப்பிடலாம்."

உங்கள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அதுக்குன்னே மெட்ராஸ்லேர்ந்து வந்தியா" என்று கேட்டீர்கள். அக்காவை முட்டை அவிக்கச் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். கொண்டுவந்ததை மசித்து, பாலில் கரைத்து ஊட்டினாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் இறங்கவில்லை. நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்றீர்கள். மறுநாளும் அப்படியே சொன்னீர்கள்.

பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் நீங்கள் போனீர்கள். முப்பத்தைந்து வயது. மேல்மலையனூர் ஸ்பெஷல் ஓட்டிய டிரைவர்கள் ஒவ்வொருவராக வண்டியை நம் தெருமுனையில் நிறுத்தி, இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்களைத் தூக்குவதற்கு இரண்டு பேரே போதுமாக இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். கண் என்னைப் பார்க்கவில்லை. "தம்பி, ஒண்ணு சொல்லணும். நீ காலேஜுக்குப் போனப்புறம் ஒரு நாள் அவரு ரொம்பக் கெஞ்சினாரு. மனசு கேக்கல. ரெண்டு முட்டை குடுத்துட்டேன். அதாலதான் முத்திப்போச்சா?" என்று கேட்டாள்.

இதைவிடச் சொல்லத் தோதான இடம் ஒருவனுக்கு அமையாது. நீ கொடுத்ததுதான் சரி அக்கா, நான் நிறுத்தியதுதான் தப்பு என்று ஒரு வாக்கியம். நான் சொன்னது இது. "விடுக்கா. நடந்தது நடந்துட்டுது. தெரிஞ்சா செஞ்ச?" என்றேன். என் குற்றத்துக்கு அவளை நான் மன்னித்தேன், மாமா. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு அக்கா மாதந்தோறும் அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் ஏறவில்லை. உங்களோடு வேலை பார்த்தவர்கள் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டும் ஏறவில்லை. புருஷன் நினைவாகப் போகிறாள் என்று ஊர் சொன்னது. எதற்குப் போகிறாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போகும்வரை, இருபது வருடத்துக்கு மேல் போனாள்.

நான் படித்து முடித்து, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, அதே பாடத்தை நடத்தினேன். தசையிலிருந்து கட்டிக்கு அதே அம்புக்குறியைப் போட்டேன். எங்கள் காலத்தில் செல் புரதத்தை எப்படிக் கட்டுகிறது என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். எப்படி உடைக்கிறது என்பதைப் பெரிதாக யாரும் பார்க்கவில்லை. வெகுகாலம் கழித்துத்தான், வேண்டாத புரதத்துக்குக் குறி வைத்து, அதை இழுத்துப்போய் நறுக்குகிற ஒரு கருவியே செல்லுக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. புற்றுநோய்ச் செல் அவசர அவசரமாகக் கட்டுவதால் கோணலாய்ப்போன புரதமும் அதில் நிறையச் சேர்கிறது. அதனால் அந்தக் கருவி இல்லாமல் அதற்கு மூச்சு முட்டிவிடும். அந்தக் கருவியை அடைக்கிற மருந்து வந்து, எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒருவகைப் புற்றுநோய்க்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் நோய்க்கு அது உதவியிருக்குமா என்றால், இல்லை. முட்டை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்றால், அதுவும் இல்லை. ஆனால் பசியோடு போயிருக்க மாட்டீர்கள். இன்னும் கொஞ்ச நாள் உங்கள் காலில் எழுந்து நின்றிருப்பீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்த மருந்தைப் பற்றிப் பேசிய நாளில் ஒரு மாணவி எழுந்தாள். தன் அப்பாவுக்குப் புற்றுநோய் என்றும், முட்டை கொடுத்தால் கட்டி வளரும் என்று உறவினர் ஒருவர் நிறுத்தச் சொல்கிறார் என்றும், என்ன செய்வது என்றும் கேட்டாள். கொடுங்கள், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள் என்றேன். அதற்கு மேல் வகுப்பு எடுக்க முடியவில்லை. அந்த வாரமே செஞ்சிக்கு வந்தேன்.

அக்கா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். பேராசிரியரிடம் கேட்டது, பன்னிரண்டு நாள் தாமதித்தது, பத்தியம் முடிந்தது என்று பொய் சொன்னது, அவளை மன்னித்தது எல்லாம். அவள் கை நிற்கவில்லை. காய் முழுவதையும் கிள்ளி முடித்தாள்.

"அப்ப அவரு கேட்டப்பல்லாம் குடுத்திருக்கலாம்" என்றாள்.

குடுத்திருக்கலாம் என்றேன்.

"இத்தினி வருசம் நான் நடந்தது உனுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சமைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, உனக்குச் சொன்ன பிறகுதான் மனசு லேசாகியிருக்கிறது அக்கா என்று சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"இன்னாத்துக்குடா லேசாவுது? எங்கிட்ட சொன்னா ஆச்சா? சாப்டாம கெடந்தது நானா?"

அதோடு கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தாள். விசேஷங்களுக்குப் போனேன், வந்தேன். என்னோடு பேசினாள், என் உடம்பை விசாரித்தாள். உங்கள் பேச்சை மட்டும் என் முன்னால் எடுக்கவே இல்லை. அவளிடம் நான் வாங்கிக்கொண்ட தண்டனை அது. அதிகம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இப்போது அவளும் இல்லை. அவள் கேட்டதற்கு இதுவரை நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன், அதுதான் உண்மை. தப்பு செய்தவனாக உங்கள் முன்னால் நிற்பதைவிட, கெட்டிக்காரனாகவே உங்கள் நினைவில் இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன். அந்த ஆசையை நீங்கள் நிறைவேற்றிவிட்டுத்தான் போனீர்கள். கடைசிவரை என்னை நம்பினீர்கள். நான் சுமந்துகொண்டிருப்பது அந்த நம்பிக்கையைத்தான். அதை இறக்கிவைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் சொன்னது தப்பு, மாமா. நீங்கள் கேட்டதுதான் சரி.